எல்லாரும் வந்து சேர்ந்தாச்சு

வான்மதி எண்பத்தெட்டு மைல் வேகத்தில் போய்க்கொண்டிருந்தாள். 635 நெடுஞ்சாலையில் அந்த இடத்துக்கு எழுபதுதான்.

"அம்மா, யூ ஆர் ஸ்பீடிங்," என்றாள் பின்சீட்டிலிருந்து வெண்பா. ஏழு வயது. சட்டத்துக்குக் கட்டுப்பட்டவள்.

"தெரியும். பேசாம உக்காரு."

"அப்பா நெவர் ஸ்பீட்ஸ்."

"அதனாலதான் உங்கப்பனை எல்லாரும் பின்னாடி விட்டுட்டுப் போறாங்க!"

கத்திய பிறகுதான் யாரிடம் கத்தினோம் என்று உறைத்தது. கண்ணாடியில் பார்த்தாள். வெண்பா சீட் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள்.

கார் ஸ்பீக்கரில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஆறாவது மணியில் அந்தக் குரல். "ஹாய், திஸ் இஸ் அஞ்சனா. ப்ளீஸ் லீவ் எ மெசேஜ்."

பதினான்காவது தடவை.

"எடுங்கக்கா," என்று வான்மதி பல்லைக் கடித்தாள். "எடுத்துத் தொலைங்க."

அஞ்சனா எடுக்கவில்லை. பதிலாக இன்னொரு சத்தம் வந்தது. டிங். டாஷ்போர்டு திரையில் அதே செய்தி, ஐந்தாவது முறை.

'உதவி தேவை. நான் இருக்கும் இடம் இது.'

கீழே ஒரு லிங்க். அதைத் தொட்டால் ஒரு மேப் விரியும். மேப்பில் போட்ஸ்வானா. சாலை இல்லாத, ஊர் இல்லாத வெளிர்ப் பச்சைக்கு நடுவே ஒரு சின்னப் புள்ளி. ஒன்றரை மணி நேரமாக அந்தப் புள்ளி நகரவில்லை.

அந்தப் புள்ளிதான் குமாரசாமி. அவள் புருஷன்.

டல்லாஸில் காலை பத்து மணி. அங்கே மாலை ஐந்து. ஆறே காலுக்கு இருட்டிவிடும். இருட்டிய பிறகு அந்தக் காட்டுக்குள் ரேஞ்சர்கள்கூட வண்டி எடுக்கமாட்டார்கள். இதைச் சொன்னதே குமாரசாமிதான். கிளம்புவதற்கு முந்தின நாள், ஏதோ தீபாவளி ரிலீஸுக்குப் போகிறவர் மாதிரி சிரித்துக்கொண்டே சொன்னார்.

ஆப்பிரிக்கக் காட்டில் தாங்களே வண்டி ஓட்டிக்கொண்டு பத்து நாள் கேம்பிங் சஃபாரி. கைடு கிடையாது, டிரைவர் கிடையாது. கூரைமேல் கூடாரம் மடித்துவைத்த இரண்டு வாடகை ட்ரக். முன் வண்டியில் பத்ரியும் அவர் மகள் தீக்ஷாவும். பின் வண்டியில் குமாரசாமியும் ஜெயபிரகாஷும். தீக்ஷா ரிச்சர்ட்சன் யூனிவர்சிட்டியில் இரண்டாம் வருஷம். ஜெயபிரகாஷ் கல்யாணமாகாத பையன், குமாரசாமி ஆபீஸ்.

ஐடியா பத்ரியுடையது. எல்லா ஐடியாவும் பத்ரியுடையதுதான். எட்டு மாதம் எக்ஸெல் ஷீட் போட்டார். சிங்கம் படம் போட்ட டீ-ஷர்ட் அடித்தார், நெஞ்சில் 'கேப்டன்' என்று தனக்கு மட்டும். "ஒரு சாட்டிலைட் மெசெஞ்சர் போதும்ப்பா, எங்கிட்டே பழசு ஒண்ணு இருக்கு, ஷேர் பண்ணிக்கலாம்" என்றதும் அவர்தான். டவர் இல்லாத இடத்திலும் ஆகாயத்தைப் பிடித்துச் செய்தி அனுப்பும் கைக்கடக்கமான கருவி அது. ஒரு பட்டனைத் தட்டினால், முன்பே எழுதிவைத்த ஒரே செய்தி அவரவர் வீட்டு நம்பருக்குப் போகும். ஆபத்தென்றால் எஸ்ஓஎஸ் பட்டனை அழுத்த வேண்டும். அமெரிக்காவில் இருக்கும் மீட்பு மையம் விழித்துக்கொள்ளும்.

யாருக்கும் அது தப்பாகப் படவில்லை. ஒரே ஓடிடி பாஸ்வேர்டில் ஆறு குடும்பம் படம் பார்க்கிற கூட்டம். உயிரைக் காப்பாற்றுகிற சாமானையும் அப்படியே பங்குபோட்டுக்கொண்டார்கள். கருவி கடைசி வண்டியில் இருக்க வேண்டும் என்று ஷீட்டில் ரூல். கடைசி வண்டி எப்போதும் குமாரசாமி. ஆனால் அக்கவுன்ட் பத்ரி பெயரில். அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய ஆள் என்ற கட்டத்தில் ஒரே ஒரு நம்பர்.

பத்ரியின் மனைவி அஞ்சனாவுடையது.

வான்மதி 75-க்குத் திரும்பும் லேனில் ஒரு பிக்கப்பை முந்தினாள். அவன் ஹார்ன் அடித்தான். அவளும் அடித்தாள், அவனைவிட நீளமாக.

இருபது நிமிடத்துக்கு முன்னால் அவள் அந்த மீட்பு மையத்துக்கே போன் போட்டிருந்தாள். ஒரு பையன் பேசினான். மரியாதையாகப் பேசினான். அதுதான் தாங்கவில்லை.

"மேம், அந்தக் கருவியிலிருந்து எங்களுக்கு ஒன்பது முப்பத்தொண்ணுக்கு எஸ்ஓஎஸ் வந்தது. திருப்பிக் கேள்வி அனுப்பினோம், பதில் இல்லை. ரெஜிஸ்டர் பண்ணிய கான்டாக்டைக் கூப்பிட்டோம். எல்லாரும் கேம்ப்புக்கு வந்து சேர்ந்தாச்சு, பட்டன் தவறுதலா அழுந்தியிருக்கும்னு உறுதிப்படுத்தினாங்க. ஒன்பது நாற்பத்திரண்டுக்கு கேஸை மூடிட்டோம்."

"மூடிட்டீங்களா? என் புருஷன் அங்கே இருக்காரு! எனக்கு இன்னமும் மெசேஜ் வந்துக்கிட்டே இருக்கு!"

"புரியுது மேம். ஆனா நீங்க இந்த அக்கவுன்ட்டில் இல்லை. இந்த வாரத்தில் இது இரண்டாவது அலாரம். முதல் தடவை ரேஞ்சர்கள் போய்ப் பார்த்து, வெறுமனே திரும்பி வந்திருக்காங்க. உள்ளூர் போலீசுக்குத் தகவல் கொடுக்கறேன். ஹெலிகாப்டர் கிளம்பணும்னா அந்தக் கான்டாக்ட் தன் வார்த்தையைத் திரும்ப வாங்கணும்."

அந்தக் கான்டாக்ட் போன் எடுக்கவில்லை. தமிழ்ச் சங்கத்து ஆண்டு விழா ஒத்திகை. ரிச்சர்ட்சனில் வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூட ஆடிட்டோரியம். அஞ்சனாதான் கல்ச்சுரல் செக்ரட்டரி. ஒத்திகையில் போன் பார்க்கிறவர்களை மைக்கில் பேர் சொல்லித் திட்டுகிறவள், தன் போனையும் பூட்டித்தான் வைத்திருப்பாள்.

'எல்லாரும் ரீச்ட். சூப்பர் டே. சிக்னல் புவர், நாளைக்குப் பேசறோம்.' பத்ரி குரூப்பில் போட்ட செய்தி. நேரம், காலை 9.05.

நம் ஆட்களுக்கு இது ஒரு சடங்கு. யார் எங்கே போனாலும் 'ரீச்ட்' என்று ஒரு செய்தி போட்டாக வேண்டும். முதலில் போய்ச் சேர்ந்தவன் பின்னால் வருகிறவனுக்கும் சேர்த்துப் போட்டுவிடுவான். எப்படியும் வந்துடுவான் இல்லையா? வீட்டுக்காரிகள் போன் மேல் போன் அடிக்காமல் இருந்தால் சரி.

வான்மதிக்கு வேலை சாஃப்ட்வேர் டெஸ்டிங். ஒருத்தன் 'முடிஞ்சது' என்று எழுதினால் அதை நம்பாமல் இருப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். முதல் செய்தி வந்ததும் மேப்பைத் திறந்து பின்னோக்கித் தள்ளிப் பார்த்தாள். 9.05-க்கு அந்தப் புள்ளி கேம்ப் வாசலுக்குப் பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி நின்றது. மணல் பாதையில் ஒரு மணி நேரப் பயணம்.

எல்லாரும் ரீச்ட்.

"பொய்யி," என்றாள் சத்தமாக. "பச்சைப் பொய்யி."

டிங். ஆறாவது.

அவள் ஜெயபிரகாஷ் நம்பரை அழுத்தினாள். அவன் பின் வண்டியில், குமாரசாமி பக்கத்தில் இருக்கிறவன். டவர் கிடைக்காது என்று தெரியும். இருந்தாலும் அழுத்தினாள். பத்ரிக்குப் பதினொரு தடவை போட்டாயிற்று, இது ஒன்று குறைவானேன்?

இரண்டாவது மணியில் எடுத்தான்.

"அக்கா..."

"ஜேபி! எங்கடா இருக்கே? அவரு எங்கே? வண்டி சரியாயிடுச்சா?"

"அக்கா, நான் கேட்ல இருக்கேன். கேம்ப் கேட்ல. இங்கே ஆபீஸ்ல வைஃபை இருக்கு."

"கேட்லயா? அப்ப அவரும் வந்துட்டாரா?"





"வரலக்கா. பின் வண்டி இன்னும் வரல."

"நீ பின் வண்டியிலதானேடா இருந்தே?"

"லஞ்ச்சுக்கு நிறுத்தினப்ப மாறிட்டேங்க்கா. முன் வண்டிக்கு."

"ஏன்?"

"ஒரு... சின்ன ஆர்க்யுமென்ட். பத்ரி சாருக்கு டென்ஷன் ஆயிடுச்சு. அதான் சீட் மாறினோம்."

வான்மதிக்குக் காதுமடல் சுட்டது. என்ன நடந்திருக்கும் என்று படமாய் ஓடியது. குமாரசாமி ஏதோ சொல்லியிருப்பார், மெதுவாப் போலாம் என்றோ, பாதை சரியில்லை என்றோ. கேப்டனுக்குக் கோபம் வந்திருக்கும். மனுஷனைத் தண்டனை மாதிரி தனியாக விட்டுவிட்டு, துணைக்கு இருந்தவனையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

"அப்ப அந்த வண்டியில அவரு தனியாவா வந்தாரு? யானை நடமாடுற காட்டுல? ஏன்டா, உனக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்குதா? மாசத்துக்கு நாலு ஞாயித்துக்கிழமை எங்க ஊட்டுல சோறு தின்னவன்தானே நீ? கொள்ளு ரசம் கேட்டு வாங்கிக் குடிச்சவன்தானே?"

"அக்கா, நான் சொல்றத..."

"என்னத்தடா சொல்லுவே? அந்தக் கேப்டன் எங்கே? போனை அவர்கிட்டே குடு!"

"அவர் இங்கே இல்லக்கா. அரை மணி நேரம் பாத்தாரு, வண்டி வரலன்னதும் தேடிட்டுத் திரும்ப உள்ள போயிருக்காரு. நானும் வர்றேன்னேன், ஒருத்தன் கேட்ல இருக்கணும்னு விட்டுட்டுப் போயிட்டாரு. ரேஞ்சர்ஸ்கிட்ட கெஞ்சிட்டு இருக்கேன். எந்தப் பாதைன்னு தெரியாம வண்டி எடுக்கமாட்டோம்ங்கிறாங்க."

"எடம் என்கிட்டே இருக்குது. அனுப்பறேன், காட்டு. லைனைக் கட் பண்ணுனே, உன்னைக் கொன்னே போடுவேன். என்ன ஆனாலும் லைன்ல இரு."

"இருக்கேங்க்கா." கொஞ்சம் நிறுத்தினான். "அக்கா... அஞ்சனா மேடம்கிட்ட பேசினீங்களா?"

"அவளைத்தான் பாக்கப் போறேன்."

"மேடம்கிட்ட கொஞ்சம் பதமா..."

"பதமாவா?" என்றாள் வான்மதி.

ஆடிட்டோரியம் வாசலில் தீயணைப்பு வண்டிக்கான சிவப்புக் கோட்டின் மேலேயே காரை நிறுத்தினாள். வெண்பா ஏதோ சொல்ல வாயெடுத்து, அம்மா முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள். வான்மதி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். மணி 10.21. அங்கே 5.21.

உள்ளே முப்பது குழந்தைகள் கோலாட்டக் குச்சியோடு நின்றிருந்தன. மேடை நடுவே அஞ்சனா. ஒரு கையில் மைக், ஒரு கையில் பேப்பர். ஒத்திகைக்கே பட்டுப்புடவை.

"செகண்ட் ரோ, யார் அது லெஃப்ட்ல சுத்தறது? ரைட்னு எத்தனை தடவை... வான்மதி? வாப்பா. வெண்பா ஸ்லாட் லெவன் தர்ட்டி இல்லையோ?"

"அக்கா, போன் எங்கே?"

"பேக்ல. ஏன்?"

"மீட்பு மையத்துல இருந்து உங்களைக் கூப்பிட்டாங்களா?"

"ஓ, அதுவா?" அஞ்சனா சிரித்தாள். மைக் அணைக்கப்படவில்லை, சிரிப்பு அரங்கம் முழுக்கக் கேட்டது. "ஆமாம்ப்பா, கூப்பிட்டா. அந்த டிவைஸ் ரொம்பப் பழசு, பாக்கெட்ல இருந்தாலே பட்டன் அழுந்திடறது. திங்கட்கிழமையே ஒரு தடவை இப்படித்தான் ஆகி, ரேஞ்சர்ஸ் வந்து இவாளைக் கண்டபடி கேட்டுட்டாளாம். இன்னொரு தடவை கூப்பிட்டா ஃபால்ஸ் அலாரம்னு சொல்லிடுன்னார் பத்ரி. சொல்லிட்டேன்."

"பத்ரி சாருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டீங்களா? சொல்றதுக்கு முன்னாடி?"

"எதுக்கு? எல்லாரும் ரீச்ட்னு மெசேஜ் வந்துடுத்தே."

"வரல."

"என்ன வரல?"

"எம்புருஷன் வரல! அந்த டிவைஸ் அவரு கையில இருக்குது. பட்டனை அழுத்தினது அவரு. நீங்க வேண்டாம்னு சொல்லிப்போட்டீங்க!"

கோலாட்டக் குச்சிகள் நின்றன. ஓரத்தில் உட்கார்ந்திருந்த பெற்றோர்கள் எழுந்தார்கள். அஞ்சனா மைக்கை அணைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கி வந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"வான்மதி, சீன் வேண்டாம். குழந்தைகள் இருக்கா. எனக்கு ஒன்பதே முக்காலுக்கு பத்ரி தனியா மெசேஜ் பண்ணிருக்கார், நானே பாத்தேன். 'ஆல் குட், தீக்ஷா டயர்ட், தூங்கறா'ன்னு. ஏதாவது ப்ராப்ளம்னா என்கிட்டே சொல்லாம இருப்பாரா?"

"உங்க பொண்ணு பத்திரமாத் தூங்குது. சந்தோஷம். எம்புருஷன்?"

"குமார் கொஞ்சம் ஸ்லோவா வருவார். எப்பவுமே ஸ்லோதானே. பின்னாடி வந்துண்டிருப்பார்."

அந்த 'எப்பவுமே'தான் வான்மதியை உடைத்தது. நாலு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த சொல். பிக்னிக்கில் கடைசித் தட்டு குமாருக்கு. குரூப் போட்டோவில் கேமரா பிடிப்பது குமார். கூலரைத் தூக்குவது, குப்பையைக் கட்டுவது, கடைசிக் காரில் வருவது எல்லாம் குமார். "குமார் மாதிரி ஒருத்தர் கிடைக்கமாட்டார்ப்பா" என்று தோளில் தட்டுவார் பத்ரி. தட்டித் தட்டியே மனுஷனைக் கடைசி வண்டியில் ஏற்றி, காட்டில் விட்டாயிற்று.

போனை அஞ்சனா முகத்துக்கு நேரே பிடித்தாள். "பாருங்க. இது ரெண்டு மணி நேரமா அசையாத வண்டி. இது ஆறு மெசேஜ். இது உங்க வீட்டுக்காரர் 'எல்லாரும் ரீச்ட்'னு போட்ட நேரம், அப்ப அந்த வண்டி எங்கே நின்னுதுன்னு பாருங்க. ஊர் பேர் தெரியாத காட்டுல ஒரு மனுஷன் பட்டனை அழுத்தினான். உலகத்துல ஒரே ஒரு பொம்பளைகிட்டே கேட்டாங்க. நீ போக வேண்டாம்னு சொன்னே!"

அக்கா போய்விட்டது. 'நீங்க'வும் போய்விட்டது. அஞ்சனா ஒரு அடி பின்வாங்கினாள்.

"நான்... வேணும்னு சொல்லலையே வான்மதி."

"வேணும்னு சொன்னாலென்ன, தெரியாமச் சொன்னாலென்ன? ஒரு போன். ஒரே ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். ஒத்திகைக்கு லேட்டாயிடும்னு கேட்கலை."

டிங்.

இருவரும் குனிந்து பார்த்தார்கள். 'உதவி தேவை. நான் இருக்கும் இடம் இது.' ஏழாவது.

அஞ்சனாவின் முகத்தில் முதல் தடவையாக ஏதோ மாறியது. பேப்பரைக் கீழே போட்டாள். மேடையோரம் கிடந்த கைப்பையைக் கவிழ்த்தாள். சாவி, குங்குமச்சிமிழ், சேஃப்டி பின், கடைசியாகப் போன். திரையில் பதினான்கு மிஸ்டு கால்.

"நம்பர் எது?"

"ஒன்பது நாற்பதுக்கு வந்தது. அதையே அழுத்து."

அழுத்தினாள். இரண்டு தடவை தப்பியது. ஸ்பீக்கரில் போட்டாள். அதே மரியாதையான பையன்.

"நான் அஞ்சனா பத்ரி. நான் சொன்னது தப்பு. அது ஃபால்ஸ் அலாரம் இல்லை. ஒரு வண்டி வந்து சேரலை. ப்ளீஸ், அனுப்புங்கோ. உடனே அனுப்புங்கோ."

"உறுதிப்படுத்துகிறீர்களா, மேம்?"

"பண்றேன்! எத்தனை தடவை வேணும்னாலும் பண்றேன்!"

கீபோர்டு தட்டும் சத்தம். பிறகு அவன் குரல் வேகமெடுத்தது. "கேஸைத் திறந்தாச்சு. பக்கத்து ஏர்ஸ்ட்ரிப்பில் ஒரு ஹெலிகாப்டர் தயாராக இருக்கு. அந்த இடத்துக்கு இருபத்திரண்டு நிமிடம். வெளிச்சம் போவதற்குள் இறங்கிடலாம்."

வான்மதி முதல் வரிசை நாற்காலியில் உட்கார்ந்தாள். வெண்பா வந்து மடியில் சாய்ந்தாள். "இஸ் அப்பா ஓகே?" என்று கேட்டாள். "வந்துடுவாரு சாமி," என்றாள் வான்மதி. கோபம் இன்னும் உள்ளே கொதித்துக்கொண்டுதான் இருந்தது. அது இன்றைக்கு அடங்காது. பத்ரி திரும்பி வந்து ஏர்போர்ட்டில் இறங்கும்போது நேருக்கு நேர் நின்று கேட்க ஒரு பட்டியலே இருந்தது.

அவள் கையில் இன்னொரு லைனில் ஜெயபிரகாஷ் அப்படியே இருந்தான். மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. அவனையும் ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஜேபி, ஹெலிகாப்டர் கிளம்புது. ரேஞ்சர்ஸ்கிட்டச் சொல்லு."

"சொல்றேங்க்கா." குரல் கரகரத்தது. அழுதிருக்கிறான்.

"மேம்," என்றான் மையத்துப் பையன். "பைலட் கேட்கிறார். சின்ன ஹெலிகாப்டர். மருத்துவ உதவியாளரை ஏற்றுவதா, இன்னொரு ஸ்ட்ரெச்சருக்கு இடம் விடுவதா என்று இப்பவே முடிவு பண்ணணும். அந்த வண்டியில் எத்தனை பேர்?"

அஞ்சனா வான்மதியைப் பார்த்தாள்.

"ஒருத்தர்," என்றாள் வான்மதி. "என் புருஷன் மட்டும். நாற்பத்தொரு வயசு. துணைக்கு ஒருத்தனையும் விட்டு வைக்கலை இவங்க வீட்டுக்காரர்."

"ஒருவர். சரி, அப்படின்னா உதவியாளரை..."

"இருங்க!"

ஜெயபிரகாஷின் கத்தல். ஆடிட்டோரியம் கூரை வரை எட்டியது.

"அக்கா, ஒருத்தர்னு சொல்லாதீங்க. ரெண்டு. ரெண்டு ஸ்ட்ரெச்சர் சொல்லுங்க."

"என்னடா உளர்றே? நீதான் அங்கே இருக்கியே?"

"பத்ரி சார் சத்தியம் வாங்கிட்டாருக்கா. நானே கண்டுபிடிச்சுக் கூட்டிட்டு வந்துடறேன், அதுவரைக்கும் டல்லாஸுக்குத் தெரியக்கூடாதுன்னு. லஞ்ச்ல குமார் அண்ணா வாயே திறக்கலைக்கா. சண்டை அப்பாவுக்கும் பொண்ணுக்கும். மெடிசின் படிக்கமாட்டேன், ஏற்கனவே ட்ராப் பண்ணிட்டேன்னு சொல்லிச்சு. சார் கை ஓங்கிட்டாரு. இனி உங்க வண்டியில ஏறமாட்டேன்னு இறங்கிப் போய் என் சீட்ல உக்காந்துக்கிச்சு."

அஞ்சனா வான்மதி கையிலிருந்த போனைப் பிடுங்கினாள்.

"மேடம்," என்றான் ஜெயபிரகாஷ், எட்டாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து, "குமார் அண்ணா கூட அந்த வண்டியில இருக்கிறது தீக்ஷா."